இஞ்சினுக்கு மெத்தை போட்டது

என் தங்கையின் கணவருடைய கார் ஓடும்போது ஆடியதைவிட நிற்கும்போதுதான் அதிகமாக ஆடியது. தேக்காச் சந்தைக்கு எதிரே, வாடகைக் கார்கள் நிற்கும் வரிசையில், இஞ்சினை அணைக்காமல் அவர் அதை விட்டிருந்தால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்துவிடும். மற்ற கார்கள் நிற்கும். இது மட்டும் குளிர்காய்ச்சல் கண்டவன்போல் நடுங்கிக்கொண்டிருக்கும். முன்விளக்குகள் இரண்டும் எதற்கோ சம்மதம் சொல்வதுபோலத் தலையாட்டும். அதிலிருந்து இறங்கிய ஒரு செட்டியார், இறங்கிய பிறகும் 'ஆமாம், ஆமாம்' என்று தலையசைத்தபடியே தெருவைக் கடந்து போனதாக என் தங்கை சொல்வாள். அவள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் உள்ள வியாதி அது.

மாப்பிள்ளை அதற்கு முன் ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் புகைக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர். உறைந்த பாலை உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, ஷீட்டைப் புகையில் தொங்கவிட்டு, தேன் நிறம் வந்ததும் இறக்குவது அவர் வேலை. தோட்டத்துத் துரை புதுக் கார் வாங்கியபோது பழையதை இவர் வாங்கிக்கொண்டார். மனைவியையும் இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தார். கார் ஓட்டிப் பிழைக்க வந்தோம் என்று அவர் சொல்வார். காய்ச்சலுக்குத் தப்பி வந்தோம் என்று தங்கை சொல்வாள். தோட்டத்தில் இருந்த காலத்தில் அவளும் மலேரியாவும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தார்கள். இங்கே வந்தபின் பெண்கள் இருவரும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தார்கள்.

வாடகைக் கார்களை ஆண்டுக்கொரு முறை பரிசோதனை முற்றத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பரிசோதகர் ஒரு வெள்ளைக்காரர், ஒல்லியானவர். மலாய் மொழியை ஆணி அறைவதுபோலப் பேசுவார். அந்த ஆண்டு அவர் மாப்பிள்ளையின் காரைப் பார்த்ததும் இஞ்சின் மூடிமேல் கையை வைத்தார். கை ஆடியது. தோள் ஆடியது. கடைசியில் தொப்பி ஆடியது. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "இஞ்சின் சட்டத்தில் உட்காரவில்லை, குதிக்கிறது. அடுத்த வாரம் சரிபண்ணிக் கொண்டு வா. இல்லாவிட்டால் வாடகைத் தகட்டைக் கழற்றிவிடுவேன்" என்றார்.

தகடு போனால் வாடகை ஓட்ட முடியாது. வாடகை ஓட்டாவிட்டால் மறுபடி தோட்டம்தான். புகைக்கூண்டு வேலையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று துரை ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார். அவர் அதை அன்போடு சொல்லி அனுப்பியதுதான் பயமாக இருந்தது.

"நான் அங்க திரும்பிப் போகமாட்டேன், அண்ணே" என்றாள் தங்கை. "அவரு போனா போகட்டும். நான் இங்கயே இட்லி சுட்டு வித்தாவது பிள்ளைங்கள படிக்க வைப்பேன்."

அவள் சுட்ட இட்லியைச் சாப்பிட்டிருக்கிறவன் நான். நிலைமை எவ்வளவு மோசம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் அந்தக் காலத்தில் ஆற்றங்கரையில் ஒரு ரப்பர் ஏற்றுமதிக் கிடங்கில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஷீட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, புள்ளி இருக்கிறதா, குமிழி இருக்கிறதா என்று பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்துப் போடுவது வேலை. மாலையில் கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். மோட்டார் வண்டியைப் பற்றி ஓர் ஆங்கிலப் புத்தகமும் படித்திருந்தேன். படங்கள் இருந்த பக்கங்களை நன்றாகவே படித்திருந்தேன். ஆகவே இயந்திர விஷயங்களில் எங்கள் குடும்பத்தின் கடைசித் தீர்ப்பு என்னுடையது. அதை எதிர்த்து யாரும் பேசியதில்லை, பேசும் அளவுக்கு எங்கள் குடும்பத்தில் அதுவரை இயந்திரமே இருந்ததில்லை.

சனிக்கிழமை பிற்பகல், தங்கை வீட்டுப் பின்சந்தில் காரை நிறுத்தி மூடியைத் திறந்தோம். இஞ்சின் இரும்புச் சட்டத்தின்மேல் நேராக உட்காருவதில்லை. அதற்கு நான்கு கைகள் உண்டு, அதன் பின்னால் இருக்கிற கியர்ப் பெட்டிக்கு இரண்டு. ஒவ்வொரு கைக்கும் சட்டத்துக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மெத்தை. தோலை அடுக்கடுக்காக வைத்துத் தைத்தது. இஞ்சினின் நடுக்கம் அந்த மெத்தையில் இறங்கி அங்கேயே அடங்கிப்போக வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் காரில் முன்பக்கத்து மெத்தைகள் அப்பளம்போல ஆகியிருந்தன. நடுவில் இரண்டு இருந்த இடமே தெரியவில்லை, இரும்பும் இரும்பும் உரசி வெள்ளிபோலப் பளபளத்தன. கியர்ப் பெட்டிக்கு அடியில் இருந்ததை மாப்பிள்ளை படுத்தபடியே இரண்டு விரலால் எடுத்தார். அது பொடியாகி அவர் மூக்குக்குள் போனது.

"தோல் வாங்கணும்" என்றேன் நான்.

மாப்பிள்ளை தும்மி முடித்துவிட்டு வெளியே வந்தார். "தோல் எதுக்கு மச்சான்? உலகத்துக்கே ரப்பர் அனுப்புற ஊரு இது. நான் புகை போட்டவன், நீங்க தரம் பிரிக்கிறவங்க. நம்ம வண்டிக்குப் போயி மாட்டுத்தோலா?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மேல்நாட்டில் இஞ்சினுக்கு ரப்பர் மெத்தை வைத்துப் பார்க்கிறார்களாம் என்று எங்கோ படித்த ஞாபகம் வேறு வந்தது. அதையும் சொன்னேன். கிடங்கில் மாதிரிக்கு வெட்டிய துண்டுகள் மூலையில் குவிந்து கிடக்கும், தலையணையாகக் கூலிகள் எடுத்துப் போவார்கள். அதிலிருந்து நல்ல தேன் நிறத்தில், குமிழி இல்லாத துண்டுகளாகப் பொறுக்கி வந்தேன். ஓர் இஞ்சின் முதல் தர ஷீட்டின்மேல் உட்காரப் போவது உலகத்திலேயே இதுதான் முதல் தடவையாக இருக்கும் என்று தங்கையிடம் சொன்னேன். அது உண்மையாகவே இருந்திருக்கலாம்.

வேலை கஷ்டமில்லை, பயம்தான் கஷ்டம். இஞ்சினின் எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் ஒரு பலகை, பலகைக்கு அடியில் ஜாக்கி. எல்லாக் கைகளையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடக் கூடாது. ஒரு பக்கத்தை ஒரு விரல் உயரத்துக்குத் தூக்க வேண்டும், பழசை உருவிப் புதுசை நுழைக்க வேண்டும், போல்ட்டை விரலால் மட்டும் முடுக்கிவிட்டு அடுத்த பக்கம் போக வேண்டும். எல்லாம் உட்கார்ந்தபின் கடைசியில்தான் ஸ்பானர். மாப்பிள்ளை காருக்கு அடியில் படுத்திருந்தார். நான் ஜாக்கியையும் புத்தகத்தையும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாய்வதற்குள் முடிந்தது. மாப்பிள்ளை காரின் முன் துவாரத்தில் கைப்பிடியை விட்டுச் சுழற்றி இஞ்சினைக் கிளப்பினார். தங்கை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, நின்னு போச்சா?" என்று கேட்டாள். ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஞாயிறு. ஞாயிறுதோறும் மாப்பிள்ளையின் காரை வாடகைக்கு எடுக்கும் வியாபாரி ஒருவர் இருந்தார். சோழமண்டலக் கடற்கரையிலிருந்து பாட்டன் காலத்தில் வந்து இங்கேயே வேரூன்றிய முஸ்லிம் குடும்பம். எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். கயிறு, டயர், ரப்பர்ச் செருப்பு, ஆலைகளுக்கு வேண்டிய சாமான் என்று கப்பலில் வந்து இறங்கும் எதையும் விற்பார். புக்கித் தீமா பக்கம் வீடு கட்டிக்கொண்டிருந்தார். வாரம் ஒருமுறை போய்க் கொத்தனாரைத் திட்டிவிட்டு வருவது அவருக்குப் பொழுதுபோக்கு. அன்றைக்குப் பாராட்டைக் காதால் கேட்பதற்காக நானும் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டேன்.

பாராட்டு சீக்கிரமே கிடைத்தது. "தம்பி, இன்னைக்குத்தான் ஒங்க வண்டியில உக்காந்து வர்றேன்" என்றார் நானா. "இத்தனை நாளும் புடிச்சித் தொங்கிக்கிட்டுல்ல வந்தேன்."

"எல்லாம் மச்சானோட படிப்பு, நானா" என்றார் மாப்பிள்ளை. நான் அடக்கமாக வெளியே பார்த்துக்கொண்டேன்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. கொத்தனாரைத் திட்டி முடித்துத் திரும்பும்போது உச்சி வெயில். ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை மூக்கை உறிஞ்சினார். "தோட்டத்து வாசனை அடிக்குது மச்சான்" என்றார், சந்தோஷமாகத்தான் சொன்னார். சிறிது தூரம் போனதும் முன்னாலிருந்து கரகரவென்று ஒரு சத்தம், விசிறி எதையோ உரசுவதுபோல. மாப்பிள்ளை அவசரமாக இஞ்சினை அணைத்தார்.

மூடியைத் திறந்தால், டோடோல் இனிப்புக் கிண்டும் சட்டிக்குள் எட்டிப் பார்த்ததுபோல இருந்தது. முதல் தர ஷீட் கருப்புப் பாகாகி, இஞ்சினின் கைகளுக்கு அடியிலிருந்து பிதுங்கி, சட்டத்தின் வழியே வழிந்து தார்ச் சடக்கில் சொட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் கசிந்த பக்கத்தில் மிச்சமே இல்லை. இஞ்சின் அந்தப் பக்கமாகச் சாய்ந்து, கண்ணயர்ந்தவன் தலைபோலத் தொங்கியது. கைப்பிடியை முன் துவாரத்தில் விட்டால் உள்ளே இருக்கிற முனை அகப்படவில்லை, அது வேறெங்கோ கீழே போயிருந்தது.

நானா இறங்கி வந்து பார்த்தார். பாகை ஒரு குச்சியால் தொட்டு இழுத்தார். அது அவர் முழங்கால் வரை நூலாக நீண்டது.

"என்னா வச்சிய?"

"ஷீட்டு, நானா" என்றேன். "முதல் தரம்."

"பச்ச ஷீட்டா?"

"இல்ல, இல்ல. புகை போட்டது" என்றார் மாப்பிள்ளை, கொஞ்சம் ரோஷத்தோடு.

"புகைய வுடு தம்பி. கந்தகம் போட்டு அவிச்சதா?"

நானும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "ரப்பரை எதுக்கு நானா அவிக்கணும்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

நானா சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தோப்பிலிருந்து ஒரு சீனக் கிழவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "அப்பறம் டயரு எப்படி வருதுன்னு நெனச்சிய? ஒங்க ஷீட்ட சுருட்டி முடிச்சுப் போட்டு அனுப்புறானா? கந்தகத்தப் போட்டு அவிச்சாத்தான் சூடு தாங்கும், எண்ணெ தாங்கும். அவிக்காதது இப்படித்தான் ஒழுகும்."

யோசித்துப் பார்த்தால் இந்தத் தப்பை லண்டனில் ஒருவன் செய்திருக்க முடியாது. அவனுக்குப் பச்சை ஷீட் எங்கே கிடைக்கப் போகிறது? எங்களுக்கு ரப்பரைப் பாலாகத் தெரியும், கட்டியாகத் தெரியும், ஷீட்டாக, மூட்டையாகத் தெரியும். கப்பலேறும் வரை அதன் ஒவ்வொரு பருவமும் தெரியும். கப்பல் கண்ணுக்கு மறைந்தபின் அது என்ன ஆகிறது என்று யாரும் கேட்டதில்லை. நானாவுக்கு நேர்மாறு. கப்பலிலிருந்து இறங்கும் ரப்பரைத்தான் அவர் பார்த்திருக்கிறார். அது மரத்திலிருந்து வருவதை நேரில் பார்த்ததே இல்லை என்று அன்றைக்கு அவரே சொன்னார். ஊரில் பாதிப் பேர் ரப்பரை அனுப்புகிறவர்கள், பாதிப் பேர் வாங்குகிறவர்கள். இடையில் நடப்பது எல்லாம் கடலுக்கு அப்பால். இந்தச் சிந்தனை எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் வந்தது. அந்த நேரத்தில் நான் சிந்தித்தது, வீடு வரை காரை யார் இழுப்பது என்பதை.

நானா அந்த வழியே வந்த ஒரு லாரியில் ஏறிக்கொண்டார். ஏறுமுன், "நாளைக்குக் கடைப்பக்கம் வாங்க. மர ஆலையில கழிச்சுப் போட்ட வாரு கெடக்கு. துணியும் அவிச்ச ரப்பரும் மாத்தி மாத்தி ஒட்டுனது. ராப்பகலா சக்கரத்தச் சுத்துனது, ஒங்க இஞ்சினையா தாங்காது?" என்றார். எங்களை ஒரு மாட்டு வண்டி இழுத்துக்கொண்டு போனது. தேக்காவைக் கடக்கும்போது வாடகைக் கார் வரிசையில் ஒருவர் பாக்கி இல்லாமல் எழுந்து நின்று மரியாதை செய்தார்கள். "அண்ணே, மாட்டுக்குப் பெட்ரோல் ஊத்தியாச்சா?" என்று ஒருவன் கேட்டான். மாப்பிள்ளை மாட்டின் வாலையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "துரைக்கு ஆள் அனுப்பிச் சொல்லிடலாமா மச்சான்?" என்று மெதுவாகக் கேட்டார். பரிசோதனைத் துரையை அல்ல, தோட்டத்துத் துரையைச் சொன்னார்.

அது தங்கை காதில் விழுந்துவிட்டது. அவள் உள்ளே போய் மண்ணெண்ணெய்ப் போத்தலையும் தேங்காய் நாரையும் எடுத்து வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சட்டத்தில் ஒட்டியிருந்த பாகைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"நீ விடு, நாங்க பார்த்துக்கறோம்" என்றேன்.

"நீங்க பார்த்ததைத்தானே தேய்க்கிறேன், அண்ணே" என்றாள்.

மறுநாள் நானாவின் கடையில் வார் கிடைத்தது. ஒரு சாண் அகலம், பழுப்பு நிறம், ஒரு பக்கம் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. அதை வெட்டுவது எருமைத்தோலை வெட்டுவதைவிடக் கஷ்டம். இந்த முறை புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். சிக்கல் வேறிடத்தில் வந்தது. பழைய தோல் மெத்தை எவ்வளவு தடிப்பு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இருந்தவரையில் அப்பளம்தான் பார்த்தோம். மெத்தை தடித்தால் இஞ்சின் உயரும், மெலிந்தால் தாழும். எப்படியானாலும் கைப்பிடி முன் துவாரத்தில் நேராகப் போகாது. பின்னால் சக்கரத்துக்குப் போகிற தண்டும் கோணும்.

"கைப்பிடி நேரா போனா இஞ்சின் நேரா இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றாள் தங்கை. நானும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் அடியில் இருந்ததால் கைப்பிடி அவள் கைக்குப் போனது. நாங்கள் வாரை இரண்டு மடிப்பு, மூன்று மடிப்பு என்று வைத்துப் பார்த்தோம். அவள் முன்னால் நின்று விட்டு விட்டுப் பார்த்தாள்.

"இடிக்குது."

ஒன்று சேர்த்தோம்.

"இப்ப மேல இடிக்குது."

"எந்தப் பக்கம்?"

"உங்க பக்கம்தான். எப்பவும் உங்க பக்கம்தான்."

இது எங்கள் இருவரில் யாரைச் சொன்னது என்று அடியிலிருந்து தெரியவில்லை. என் பக்கத்தில் ஒரு மடிப்பை உருவினேன். கியர்ப் பெட்டிக்கு அடியில் மாப்பிள்ளை பாதித் தடிப்பில் ஒரு துண்டைச் சீவி நுழைத்தார். கைப்பிடி உள்ளே போகும் சத்தம் கேட்டது, வெளியே வரும் சத்தமும் கேட்டது. அவள் மறுபடி விட்டாள், மறுபடி எடுத்தாள். "போகுது, வருது" என்றாள். "கையை எடுங்க, இனி யாரும் எதையும் தொடாதீங்க." ஆனாலும் ஸ்பானர் போட்டு முடுக்க வேண்டியிருந்தது. கடைசி இரண்டு நட்டுகளை முடுக்கியது நான்.

பரிசோதனை நாளில் மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டை அணிந்து வந்தார். நான் கிடங்கில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தேன். பரிசோதகர் மூடிமேல் கையை வைத்தார். கை ஆடவில்லை. அவர் நம்பாமல் தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஏறி, "ஓட்டு" என்றார்.

முற்றத்தைச் சுற்றி வந்தோம். வரும் வழியில் தெரு இரைச்சலில் கேட்காதது அப்போதுதான் கேட்டது: டக், டக், டக். இஞ்சின் குதித்த காலத்தில் காரின் மற்றச் சத்தங்கள் எதுவும் காதில் விழுந்ததில்லை. இப்போது கதவு முனகுவதும் இருக்கை பெருமூச்சு விடுவதும் தனித்தனியே கேட்டன. ஆனால் இது வேறு. பரிசோதகர் தலையைச் சாய்த்துக் கேட்டார். மாப்பிள்ளையின் பிடரியில் வேர்வை இறங்குவது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது.

"நிறுத்து."

அவர் இறங்கி மூடியைத் திறந்து, சட்டத்தின் விளிம்பிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்தார். கடைசி இரண்டு நட்டுகளுக்குப் போட்ட ஸ்பானர். அதைத் தூக்கிப் பிடித்து, "யாருடையது?" என்றார். மாப்பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தார்.

"அவர் படிச்சவர், துவான்" என்றார். மலாயில் துரையைத் துவான் என்றுதான் கூப்பிடுவோம்.

பரிசோதகருக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது. ஸ்பானரை ஜன்னல் வழியே என்னிடம் நீட்டிவிட்டு மறுபடி உள்ளே குனிந்தார். வாரை நகத்தால் கீறினார், கட்டைவிரலால் அழுத்தினார். இஞ்சினை முடுக்கச் சொன்னார். பின்னோக்கி ஓட்டச் சொல்லித் திடீரென்று நிறுத்தச் சொன்னார். பிறகு வெள்ளைக் கால்சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் காருக்கு அடியில் படுத்தார். அவருடைய சப்பாத்துகள் மட்டும் வெளியே தெரிந்தன. அவை நெடுநேரம் அசையவே இல்லை. மாப்பிள்ளை அந்தச் சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்து தூசியைத் தட்டிக்கொண்டு, "இது என்ன, ஆலை வாரா?" என்றார்.

"ஆமா, துவான்."

"ஒழுகாது?"

"இது ஒழுகாது, துவான்" என்றார் மாப்பிள்ளை. 'இது' என்ற சொல்லை அவர் கொஞ்சம் அழுத்திவிட்டார். நல்லவேளை, பரிசோதகர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. "தகடு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போனார்.

முற்றத்தின் வாசலில் ஒரு பரனாக்கான் சீன அம்மாள், இரண்டு மகள்கள், கூடைகள் என்று ஒரு குடும்பம் வண்டிக்குக் காத்து நின்றது. காத்தோங் போக வேண்டுமாம். மாப்பிள்ளை காரை நிறுத்தி என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், கொஞ்சம் இறங்கிக்கிறீங்களா? டிராம் இப்ப வந்துரும்."

இறங்கிக்கொண்டேன். கார் சத்தமில்லாமல் போனது. சிராங்கூன் ரோட்டு டிராமில் ஸ்பானரும் கையுமாக உட்கார்ந்து வந்தேன். பக்கத்திலிருந்தவர் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டார்.

தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். காரில்லாமல் நான் மட்டும் நடந்து வருவதைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"தகடு?"

"இருக்கு."

"அவரு?"

"சவாரி போயிட்டாரு. காத்தோங்."

அவள் கதவை விட்டாள். உள்ளே போய்ப் பெண்கள் இருவரையும் கூப்பிட்டு, விளக்கு வைக்கிற நேரமாச்சே, இன்னும் ஏன் தலை சீவவில்லை, வாய்ப்பாடு எழுதவில்லை, நாளைக்கு வாத்தியாரிடம் என்ன சொல்வீர்கள் என்று உரத்த குரலில் திட்ட ஆரம்பித்தாள். அந்த வாரம் முழுவதும் அவள் அவர்களை ஒருமுறைகூடத் திட்டவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.